ஸ்லீவா, பைபாஸா, ஊசியா: 112 கிலோவில் நின்று நான் எடுத்த முடிவு

2025 ஜனவரியில் ஒரு நாள், பள்ளியில் இரண்டாவது மாடிக்கு ஏறும்போது நடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் இரண்டு பேர் என் பையையும் விடைத்தாள் கட்டையும் வாங்கிக்கொண்டு, "மெதுவா வாங்க மிஸ்" என்றார்கள். அப்போது எனக்கு வயது 43. உயரம் 158 சென்டிமீட்டர், எடை 112 கிலோ. ஒன்பது வருடமாகச் சர்க்கரை; மாத்திரைகளோடு இரவில் 24 யூனிட் இன்சுலின். அப்படியும் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி 9.2. இரண்டு முழங்காலிலும் தேய்மானம். இரவில் குறட்டை, நடுவில் மூச்சே நின்று திடுக்கிட்டு விழிப்பது. என் வீட்டுக்காரர் பல மாதம் சொல்லாமல் வைத்திருந்து, அந்த வாரம் சொன்னார்: "உனக்கு மூச்சு திரும்ப வருதான்னு பாத்துக்கிட்டே நான் முழிச்சிருக்கேன்." அதைக் கேட்ட பிறகுதான் மருத்துவரிடம் போனேன்.

அன்றிலிருந்து ஜூன் மாதம் எடைக்குறைப்பு அறுவைக்காக மேஜையில் படுத்த நாள்வரை ஐந்து மாதம். ஸ்லீவும் பைபாஸும் இரைப்பையில் செய்யும் அந்த அறுவையின் இரண்டு வகைகள். அந்த ஐந்து மாதமும் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டே இருந்தேன். எந்த வழியில் எவ்வளவு எடை குறையும், என்ன செலவாகும், என்ன கெடும் என்று பக்கம் பக்கமாக. அந்த நோட்டை வைத்துத்தான் இதை எழுதுகிறேன். "எதில் எடை அதிகம் குறையும்?" என்ற கேள்வியோடு தொடங்கினேன். என் விஷயத்தில் அது முக்கியமான கேள்வியே இல்லை என்று புரிய மூன்று மாதம் ஆனது. என் உடம்பில் ஏற்கெனவே இருந்த கோளாறுகள்தான் எது ஒத்துவரும், எது வராது என்பதை முடிவு செய்தன. அதை யாராவது முதல் நாளே சொல்லியிருந்தால் எவ்வளவோ அலைச்சல் மிச்சமாகியிருக்கும்.

வாயைக் கட்டுவது

முதல் வழி எல்லோரும் சொல்வது. அதை நான் செய்யாமல் இல்லை. 2014-இல் நடையும் கம்பு, கேழ்வரகுமாக 14 கிலோ குறைத்தேன். 2018-இல் பேலியோ, ஏழு மாதம் சோறு, இட்லி எதையும் தொடாமல் 16 கிலோ. கொரோனா காலத்தில் வீட்டிலேயே உடற்பயிற்சி, 9 கிலோ. மூன்று தடவையும் போனதைவிடக் கூடுதலாகத் திரும்பி வந்தது. ஒவ்வொரு முறையும் என்னை நானே திட்டிக்கொண்டேன். சொந்தக்காரர்களும் திட்டினார்கள்.

பிறகுதான் ஒன்று தெரிந்தது. எடை குறைந்தவுடன் உடம்பு அதை ஆபத்தாக எடுத்துக்கொள்கிறது. பசியைக் கூட்டும் கிரெலின் என்ற ஹார்மோன் ஏறுகிறது, நிறைவைச் சொல்லும் ஹார்மோன்கள் இறங்குகின்றன, சும்மா இருக்கும்போது செலவாகும் சக்தியும் குறைகிறது. எடை குறைத்தவர்களை ஆஸ்திரேலியாவில் ஓர் ஆண்டு கழித்துப் பரிசோதித்து 2011-இல் வெளியிட்ட ஆய்வில், அந்த ஹார்மோன்கள் பழைய நிலைக்குத் திரும்பவே இல்லை. அதைப் படித்த அன்று எனக்கு அழுகை வந்தது. இருபது வருடமாகச் சோம்பேறி, நாக்கை அடக்கத் தெரியாதவள் என்று நான் நம்பிய கதை பாதிக்கு மேல் பொய்.

அதற்காக இந்த வழியை நான் தள்ளிவிடவில்லை. சர்க்கரை வரும் நிலையில் இருந்தவர்களிடம் அமெரிக்காவில் நடத்தி 2002-இல் வெளியான பெரிய ஆய்வில், உடல் எடையில் 7 சதவீதத்தைக் குறைத்து வாரம் 150 நிமிடம் நடப்பதை இலக்காக வைத்தார்கள். சர்க்கரை வருவது 58 சதவீதம் குறைந்தது. பத்துப் பதினைந்து கிலோ அதிகமாக இருப்பவருக்கு, சர்க்கரை இன்னும் முழுதாக வராதவருக்கு, இதுதான் சரியான வழி. எனக்கு அந்தக் கட்டம் தாண்டிப் பல வருடம் ஆகியிருந்தது.

எவ்வளவு தாண்டியது என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. எடையை கிலோவில் எடுத்து, மீட்டரில் உள்ள உயரத்தால் இரண்டு முறை வகுத்தால் வருவது பிஎம்ஐ. எனக்கு ஏறக்குறைய 45. பழைய 1991-ஆம் ஆண்டு அமெரிக்க வழிகாட்டியில் 40-க்கு மேல், அல்லது கூடவே நோய்கள் இருந்தால் 35-க்கு மேல் அறுவையைப் பற்றி யோசிக்கலாம் என்றிருந்தது. 2022-இல் அமெரிக்க, சர்வதேச எடைக்குறைப்பு அறுவைச் சங்கங்கள் சேர்ந்து அதைத் தளர்த்தி, 35-க்கு மேல் இருந்தால் வேறு நோய் இல்லாவிட்டாலும் பரிந்துரைக்கலாம் என்றன. நம்மைப் போன்ற ஆசியர்களுக்குக் குறைந்த எடையிலேயே சர்க்கரை வந்துவிடுவதால் 27.5-இலிருந்தே பேசலாம் என்றும் சொல்லியிருக்கின்றன. எந்த அளவுகோலில் பார்த்தாலும் நான் உள்ளேதான் இருந்தேன்.

ஊசி

2025 மார்ச்சில், பசியை அடக்கி எடையைக் குறைக்கும் டிர்செபடைடு ஊசி மௌஞ்சாரோ என்ற பெயரில் இந்தியாவுக்கு வந்தது. ஜூனில் அதே வேலையைச் செய்யும் செமாக்ளூடைட் ஊசியான வீகோவி வந்தது. நான் முடிவெடுத்துக்கொண்டிருந்த அதே மாதங்கள். எங்கள் ஆசிரியர் ஓய்வறையில் இதைத் தவிர வேறு பேச்சே கிடையாது. "வாரத்துக்கு ஒரு ஊசி போட்டா முடிஞ்சுது, எதுக்கு வயித்த அறுத்துக்கிட்டு?" என்று என் தோழி கேட்டாள். நியாயமான கேள்விதான். நானும் ஒரு மாதம் ஊசிப் பக்கம்தான் சாய்ந்திருந்தேன்.

மூன்று விஷயங்கள் என்னைத் திருப்பின. முதலாவது, எடை 15 சதவீதம், 20 சதவீதம் குறையும் என்று எல்லோரும் சொல்லும் எண்கள் சர்க்கரை இல்லாதவர்களிடம் நடத்திய ஆய்வுகளிலிருந்து வந்தவை. சர்க்கரை உள்ளவர்களிடம் தனியாக நடத்திய ஆய்வுகளில் பலன் குறைவு: செமாக்ளூடைடில் சராசரியாக 9.6 சதவீதம், டிர்செபடைடின் உச்ச அளவில் 14.7 சதவீதம். என் எடையில் கணக்குப் போட்டால் நல்லபடியாக நடந்தாலும் 95 கிலோவுக்கு மேல்தான் நிற்பேன். சர்க்கரைக்காகச் செமாக்ளூடைட் மாத்திரையை ஏற்கெனவே ஒரு வருடம் விடிகாலை வெறும் வயிற்றில் விழுங்கிப் பார்த்தவள் நான். 5 கிலோ குறைந்து அப்படியே நின்றுவிட்டது.

இரண்டாவது, ஊசியை நிறுத்தினால் என்ன ஆகும் என்பது. செமாக்ளூடைட் ஆய்வில் கலந்துகொண்டவர்களை நிறுத்திய பிறகு ஓர் ஆண்டு தொடர்ந்து பார்த்தபோது, குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பியிருந்தது. அப்படியானால் இது ஒரு கோர்ஸ் இல்லை. ரத்த அழுத்த மாத்திரையைப் போலத் தொடர்ந்து போட வேண்டியது. மூன்றாவது, பணம். அப்போதைய விலையில் மாதம் பதினான்காயிரத்துக்குக் குறையாமல் ஆகும். அளவு கூடக் கூட விலையும் கூடும். என் மருத்துவக் காப்பீடு இதற்குத் தராது. மகள் பிளஸ் டூ முடித்துக் கல்லூரிக்குப் போகப்போகும் வீட்டில், முடிவே இல்லாத மாதச் செலவாக அதை என்னால் ஏற்க முடியவில்லை. செமாக்ளூடைடுக்கு இந்தியாவில் காப்புரிமை 2026 மார்ச்சோடு முடிந்துவிட்டதால் அந்த விலைக் கணக்கு இப்போது பொருந்தாது. இன்று முடிவெடுப்பவர் புதிதாகக் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். பிஎம்ஐ 30, 32 என்று இருப்பவராக இருந்தால் நான் முதலில் ஊசியைத்தான் முயன்றிருப்பேன்.

இரைப்பையில் இடத்தை அடைத்துக்கொள்ளும் பலூன் என்று ஒரு வழியும் உண்டு. அதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வாய் வழியாக இரைப்பைக்குள் வைத்து, வழக்கமாக ஆறு மாதத்தில் எடுத்துவிடுவார்கள். எடுத்த பிறகு பசி பழையபடி வரும். என் நிலைக்கு அது போதாது என்று நான் கேட்ட இரண்டு மருத்துவர்களும் ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டார்கள்.

ஸ்லீவும் பைபாஸும்

ஆக, அறுவை என்று தெளிவானது. எந்த அறுவை என்பதில்தான் நான் கிட்டத்தட்டத் தவறு செய்யப் பார்த்தேன்.

ஸ்லீவ் என்பதில் இரைப்பையின் முக்கால் பங்குக்கும் மேல் நீளவாக்கில் வெட்டி எடுத்துவிடுகிறார்கள். மிஞ்சுவது வாழைப்பழம் போன்ற ஒரு குழாய். கிரெலின் பெரும்பாலும் சுரக்கும் பகுதியும் வெட்டியதோடு போய்விடுவதால் பசி வெகுவாகக் குறைகிறது. குடலைத் தொடுவதில்லை. ஒருமுறை வெட்டினால் திரும்ப ஒட்ட முடியாது.

பைபாஸில் இரைப்பையின் மேல்முனையில் சிறிய கோழிமுட்டை அளவுக்கு ஒரு பை மட்டும் பிரித்து, அதைச் சிறுகுடலின் நடுப்பகுதியோடு நேராக இணைக்கிறார்கள். மீதி இரைப்பை உள்ளேயே இருக்கும், ஆனால் உணவு அதற்குள் போகாது. சிறுகுடலின் தொடக்கப் பகுதியும் உணவு படாமல் ஒதுங்கிவிடும். உணவு சீக்கிரமே கீழ்க்குடலைத் தொடுவதால் சர்க்கரையைக் கட்டுப்படுத்தும் ஹார்மோன்கள் அதிகம் சுரக்கின்றன. எடை குறைவதற்கு முன்பே, சில நாட்களிலேயே சர்க்கரை இறங்கத் தொடங்குவதற்கு இதுவும் ஒரு காரணம்.

என் நாத்தனார் 2021-இல் ஸ்லீவ் செய்துகொண்டவர். 98 கிலோவிலிருந்து 66-க்கு வந்து இன்னும் எழுபதைத் தாண்டாமல் இருக்கிறார். "அண்ணி, பயப்படாம ஸ்லீவ் பண்ணிக்கங்க, நான் எப்படி இருக்கேன் பாருங்க" என்று தினமும் போன் செய்வார். அவரைப் பார்த்தே நானும் ஸ்லீவ் என்று மனதில் வைத்துக்கொண்டு, முதலில் ஒரு தனியார் மருத்துவமனைக்குப் போனேன். அங்கே உயரமும் எடையும் பார்த்தார்கள். கால் மணி நேரத்தில் "ஸ்லீவ் பேக்கேஜ்" என்று ஒரு தாளைக் கொடுத்தார்கள். இந்த மாதக் கடைசிக்குள் முன்பணம் கட்டினால் தள்ளுபடி என்றார்கள். எனக்கு நெஞ்செரிச்சல் உண்டா என்று யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லத் தோன்றாமல் எழுந்து வந்தேன். ஆறேழு வருடமாகப் படுத்தால் புளிப்பு தொண்டைக்கு ஏறும், தலைக்கு மூன்று தலையணை வைத்துத் தூங்குவேன். அது எனக்குப் பழகிப்போன விஷயம். அறுவையோடு அதற்குச் சம்பந்தம் இருக்கும் என்று எனக்கு எப்படித் தெரியும்?

முன்பணம் கட்டப்போன என்னை என் வீட்டுக்காரர்தான் நிறுத்தினார். "பொண்ணு பாக்கவே நாலு எடம் போறோம். வயித்த வெட்டுறதுக்கு ஒரே எடம் போதுமா?" என்றார். இரண்டாவதாகக் கோயம்புத்தூரில் ஓர் அறுவை மருத்துவரைப் பார்த்தோம். அவர் அறுவையைப் பற்றிப் பேசவே இல்லை. முதலில் எண்டோஸ்கோபி எடுங்கள், தூக்கப் பரிசோதனை செய்யுங்கள், அப்புறம் பேசலாம் என்று அனுப்பிவிட்டார். எண்டோஸ்கோபியில் உணவுக்குழாயின் அடியில் அமிலம் அரித்த புண்கள் இருந்தன. உதரவிதானத்தின் வழியாக இரைப்பையின் மேல்பகுதி கொஞ்சம் மேலே ஏறியும் இருந்தது. தூக்கப் பரிசோதனையில் மணிக்கு 48 முறை மூச்சுத் தடைபடுவதாக வந்தது. 30-ஐத் தாண்டினாலே கடுமை என்பார்கள்.

அந்தப் படங்களை மேஜையில் வைத்து அவர் சொன்னது இதுதான். ஸ்லீவுக்குப் பிறகு இரைப்பை ஒரு குறுகிய குழாயாகி உள்ளே அழுத்தம் கூடும். நெஞ்செரிச்சல் சிலருக்குப் புதிதாக வரும், ஏற்கெனவே இருப்பவர்களில் பலருக்கு மோசமாகும். பைபாஸில் அமிலம் சுரக்கும் பெரும்பகுதி தனியே ஒதுங்குவதால் பெரும்பாலும் அது அடங்கிவிடும்.

வீட்டுக்கு வந்து தேடிப் படித்தேன். ஸ்லீவையும் பைபாஸையும் நேருக்கு நேர் வைத்து ஐந்து ஆண்டு பார்த்த இரண்டு ஆய்வுகள், சுவிட்சர்லாந்தில் ஒன்றும் பின்லாந்தில் ஒன்றும், 2018-இல் வெளியாகியிருக்கின்றன. எடையில் பைபாஸ் கொஞ்சம் முன்னே இருந்தாலும் பெரிய வித்தியாசம் இல்லை. பின்லாந்து ஆய்வில் அதிகப்படி எடையில், அதாவது சரியான எடைக்கு மேல் இருந்ததில், ஸ்லீவில் 49 சதவீதமும் பைபாஸில் 57 சதவீதமும் குறைந்திருந்தன. ஆனால் நெஞ்செரிச்சல் மோசமானவர்கள் சுவிஸ் ஆய்வில் ஸ்லீவ் பக்கம் 31.8 சதவீதம், பைபாஸ் பக்கம் 6.3 சதவீதம். நோட்டில் அந்த இரண்டு எண்களையும் சிவப்பு மையில் வட்டமிட்டேன். இத்தனை நாளும் கிலோவை மட்டுமே ஒப்பிட்டுக்கொண்டிருந்தேனே என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

சர்க்கரை விஷயத்திலும் பைபாஸ் கொஞ்சம் மேலே. அமெரிக்காவில் கிளீவ்லேண்ட் கிளினிக்கில் சர்க்கரை நோயாளிகள் 150 பேரோடு தொடங்கிய ஆய்வின் ஐந்தாண்டு முடிவு 2017-இல் வந்தது. ஹெச்பிஏ1சி 6 அல்லது அதற்குக் கீழே வந்தவர்கள் மருந்து மட்டும் எடுத்தவர்களில் 5 சதவீதம், ஸ்லீவில் 23, பைபாஸில் 29. இதை வேறு விதமாகவும் படிக்க வேண்டும்: பைபாஸ் செய்தவர்களிலும் பத்தில் ஏழு பேர் அந்த இலக்கை எட்டவில்லை. 1987-இல் தொடங்கிய ஸ்வீடன் நாட்டு ஆய்வில், அறுவைக்கு இரண்டு ஆண்டுக்குப் பிறகு 72 சதவீதம் பேருக்குச் சர்க்கரை அடங்கியிருந்தது. பத்து ஆண்டில் அது 36 ஆகக் குறைந்தது. "சர்க்கரை குணமாகும்" என்று விளம்பரத்தில் போடுகிறவர்கள் இந்த இரண்டாவது எண்ணையும் சேர்த்துப் போட வேண்டும். ஒன்பது வருடச் சர்க்கரை, அதுவும் இன்சுலினில் இருப்பவள் என்பதால் எனக்கு முழுதாக அடங்க வாய்ப்புக் குறைவு என்று மருத்துவரும் மறைக்காமல் சொன்னார்.

இனி பைபாஸின் மறுபக்கம். அதற்கு நோட்டில் நான்கு பக்கம் ஒதுக்கியிருந்தேன். இரும்பு, கால்சியம், பி12 ஆகியவை சரியாக உறிஞ்சப்படாது. ஆயுள் முழுக்க மாத்திரையும் ரத்தப் பரிசோதனையும் உண்டு. ஸ்லீவிலும் மாத்திரை வேண்டும் என்றாலும், பைபாஸில் விட்டால் விளைவு மோசம். இனிப்பு சாப்பிட்டால் அது நேராகக் குடலில் விழுந்து படபடப்பு, வியர்வை, வயிற்றுப்போக்கு வரலாம், டம்பிங் என்கிறார்கள். குடலை மாற்றி இணைப்பதால் பின்னாளில் குடல் உள்ளே சிக்கிக்கொள்ளும் அபாயம் கொஞ்சம் இருக்கிறது. திடீர்க் கடும் வயிற்றுவலி என்றால் வாயுத்தொல்லை என்று வீட்டில் இருக்கக் கூடாது. ஒதுக்கிய இரைப்பைக்குள் சாதாரண எண்டோஸ்கோபி போகாது.

என்னை மிகவும் தயங்கவைத்தது வேறொன்று. பைபாஸுக்குப் பிறகு டைக்ளோஃபெனாக், இபுபுரூஃபன் வகை வலிமாத்திரைகள் கூடாது. இணைத்த இடத்தில் புண் வரும். முழங்கால் வலிக்கு அதைத்தான் நான் வாரத்தில் நான்கு நாள் போட்டுக்கொண்டு வகுப்பில் நின்றேன். அது இல்லாமல் எப்படி நிற்பேன்? எலும்பு மருத்துவரிடம் போய்க் கேட்டேன். முழங்கால் தேய்ந்தவர்களிடம் செய்த ஆய்வின்படி, ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வோர் அடிக்கும் முழங்காலில் விழும் சுமை நான்கு கிலோ குறைகிறது என்று விளக்கினார். முதல் சில மாதங்களைப் பாராசிட்டமாலும் பிசியோதெரபியும் வைத்து ஓட்டிவிடலாம் என்றார். அந்தப் பதில் கிடைத்த பிறகுதான் பைபாஸ் என்று உறுதியாகச் சொன்னேன்.

நம் ஊரில் பலர் செய்துகொள்ளும் மினி பைபாஸையும் கேட்டோம். இரண்டு இணைப்புக்குப் பதில் ஒன்றுதான், நேரமும் குறைவு. சர்க்கரைக்கும் நன்றாகவே கேட்கிறது. ஆனால் பித்தநீர் மேலே ஏற வாய்ப்பு உண்டு. உணவுக்குழாயில் ஏற்கெனவே புண் உள்ளவளுக்கு அதைத் தர விருப்பமில்லை என்றார் மருத்துவர். நெஞ்செரிச்சல் இல்லாத என் நாத்தனாருக்கு ஸ்லீவ் சரியாக இருந்ததும், எனக்கு அது சரிவராததும், இரண்டுமே உண்மை.

பயமும் பணமும்

2024-இல் சென்னைப் பக்கம் எடைக்குறைப்பு அறுவைக்குப் போன ஓர் இளைஞர் இறந்துபோன செய்தியை நம் ஊரில் யாரும் மறக்கவில்லை. என் அம்மா அந்தப் பேப்பரை எடுத்து வைத்திருந்தார். "நீ குண்டாவே இரு, உசுரோட இரு" என்றார். பல நாடுகளின் கணக்குப்படி இந்த அறுவையில் இறப்பு ஆயிரத்தில் ஒன்றை ஒட்டித்தான் இருக்கிறது. பித்தப்பை அறுவைக்குச் சமமாகச் சொல்கிறார்கள். ஆனால் அம்மாவிடம் ஆயிரத்தில் ஒன்று என்று எப்படிச் சொல்வது? அதனால் அவரையே மருத்துவரிடம் அழைத்துப்போனேன். அங்கே சில கேள்விகளை அவர் முன்னாலேயே கேட்டேன். தீவிர சிகிச்சைப் பிரிவு இதே கட்டடத்தில் இருக்கிறதா? மயக்க மருத்துவர் முழுநேரமாக இங்கேயே இருப்பவரா? தையல் போட்ட இடத்தில் கசிவு வந்தால் எப்படிக் கண்டுபிடிப்பீர்கள், யார் சரிசெய்வார்? வீட்டுக்குப் போன பிறகு ராத்திரி இரண்டு மணிக்கு வலி வந்தால் எந்த எண்ணுக்குக் கூப்பிடுவது? எல்லாவற்றுக்கும் நேரான பதில் வந்தது. அம்மா வெளியே வந்து, "இவரு பயமுறுத்துற மாதிரி சொல்றாரு, ஆனா ஒளிக்கல" என்றார். அவருடைய சம்மதம் அதுதான்.

பணத்துக்கு ஒரு தகவல். எடைக்குறைப்பு அறுவை என்றாலே காப்பீடு கிடையாது என்று பலர் நினைக்கிறார்கள். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் விதிப்படி, 18 வயது தாண்டி, மருத்துவர் பரிந்துரையோடு, பிஎம்ஐ 40-க்கு மேல் இருந்தால் அது விலக்கில் வராது. 35-க்கு மேல் என்றால் கட்டுப்படாத சர்க்கரை, கடுமையான தூக்க மூச்சுத்தடை, இதய நோய் போன்றவை கூட இருந்து, மற்ற வழிகள் பலனளிக்காமல் போயிருக்க வேண்டும். பாலிசியில் காத்திருப்புக் காலம் இருக்கும், அதைப் பார்த்துக்கொள்ளுங்கள். எனக்கு மொத்தம் நாலேகால் லட்சம் ஆனது. மூன்று லட்சம் காப்பீட்டில் வந்தது. மீதிக்கு வளையல்களை அடகு வைத்தோம்.

அறுவையும் அடுத்த நாட்களும்

அறுவைக்கு முன் இரண்டு வாரம், கொழுப்பேறிய கல்லீரல் சுருங்குவதற்காகக் குறைந்த கலோரி உணவு: புரதப் பொடி, மோர், தெளிந்த சூப், வேகவைத்த காய். தூக்கத்தில் மூச்சு தடைபடாமலிருக்க இரவில் முகத்தில் மாட்டும் சிபேப் இயந்திரத்தோடு தூங்கப் பழகினேன். மூன்று பந்து உள்ள குழாயை உறிஞ்சி மூச்சுப் பயிற்சி. இந்த இரண்டு வாரத்திலேயே 5 கிலோ இறங்கியது.

ஐந்து சின்னத் துளைகள், இரண்டு மணி நேரத்துக்கு மேல். விழித்ததும் வயிற்றைவிடத் தோள்பட்டைதான் வலித்தது. உள்ளே செலுத்திய வாயுவால் அப்படி இருக்கும் என்று முன்பே சொல்லியிருந்ததால் பயப்படவில்லை. அன்று மாலையே பிடித்து நடக்கவைத்தார்கள். ரத்தம் உறையாமலிருக்க வயிற்றில் ஊசி. மறுநாள் மருந்து ஊற்றும் சின்ன மூடியில் தண்ணீர் கொடுத்து, கால் மணிக்கு ஒரு மூடி என்றார்கள். ஒரு வாய்த் தண்ணீர் இறங்குவது நெஞ்சில் தெரிந்தது. மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்தேன். இன்சுலின் 24 யூனிட்டிலிருந்து 8 ஆகியிருந்தது; மூன்றாவது வாரத்தில் நின்றுபோனது.

உடம்பைவிட மனசுக்குத்தான் கஷ்டம் அதிகம். இரண்டு வாரம் வடிகட்டிய பருப்புத் தண்ணீர், மோர், புரதப் பொடி மட்டும். பத்தாம் நாள் பக்கத்து வீட்டில் மீன் குழம்பு கொதித்தது. எனக்குப் பசி இல்லை; பசியே இல்லாமல் அந்தக் குழம்புக்காகத் தேம்பி அழுதேன். கோபம் வந்தாலும் சந்தோஷம் வந்தாலும் சாப்பிடுவதுதான் என் வழக்கம் என்று அப்போதுதான் எனக்கே தெரிந்தது. முன்கூட்டியே மனநல ஆலோசகரிடம் அனுப்பியது ஏன் என்றும் புரிந்தது. அதைச் சும்மா ஒரு சடங்கு என்று நினைத்திருந்தேன். அறுவைக்குப் பிறகு நானாகவே நான்கு முறை போய்ப் பார்த்தேன்.

மூன்றாவது வாரம் மசித்த முட்டை, தயிர், குழைந்த பருப்பு. ஐந்தாவது வாரம் முதல் இட்லி: பாதி இட்லிக்கு இருபது நிமிடம். சாப்பிடும்போது தண்ணீர் குடிக்கக் கூடாது. இலை போட்டதும் தண்ணீர் டம்ளரைத் தேடும் கைக்கு அதைப் பழக்க மூன்று மாதம் பிடித்தது.

பத்து மாதம் கழித்து

இப்போது 79 கிலோ. பிஎம்ஐ கிட்டத்தட்ட 32. அட்டவணைப்படி நான் இன்னும் குண்டுதான். அது எனக்கு ஒரு குறையாகத் தெரியவில்லை. ஹெச்பிஏ1சி 6.3, ஒரு மெட்ஃபார்மின் மாத்திரை தொடர்கிறது. மறுபடியும் எடுத்த தூக்கப் பரிசோதனையில் 48 என்பது 9 ஆகியிருக்கிறது. சிபேப் இயந்திரத்தை அலமாரியில் வைத்துவிட்டோம், என் வீட்டுக்காரர் எனக்கு முன்னால் தூங்கிவிடுகிறார். ஒரே தலையணை. நெஞ்செரிச்சல் இல்லை. கடைசியாக எப்போது வலிமாத்திரை போட்டேன் என்று நினைவில் இல்லை.

நோட்டின் மறுபக்கத்தில் எழுதியதும் நடந்தது. நான்காவது மாதம் சீப்பு சீப்பாக முடி கொட்டியது. ஏழாவது மாதம்தான் நின்றது. மேல்கையிலும் வயிற்றிலும் தோல் தொங்குகிறது. அண்ணன் மகள் வளைகாப்பில் மறுக்க முடியாமல் அரை டம்ளர் பாயசம் குடித்து, பத்து நிமிடத்தில் நெஞ்சு அடித்து, வியர்த்து, முக்கால் மணி நேரம் உள்ளறையில் படுத்துக் கிடந்தேன். "என்னத்துக்கு இப்படிப் பட்டினி கிடக்குற?" என்று பந்தியில் கேட்காதவர் இல்லை. அதற்கு இப்போது நின்று பதில் சொல்வதில்லை. ஆறு மாதம் பித்தப்பைக் கல் வராமலிருக்க மாத்திரை சாப்பிட்டேன், கல் வரவில்லை. ஆனால் போன மாதப் பரிசோதனையில் இரும்புச் சேமிப்பு குறைந்திருந்தது. இரும்பு மாத்திரையையும் கால்சியத்தையும் ஒன்றாகப் போட்டு, மேலே காபி குடித்தது என் தவறு. இப்போது கால்சியம் காலையிலும் மதியமும், இரும்பு ராத்திரியில் தனியாக. அதோடு காபியோ டீயோ கிடையாது.

போன வாரம் எங்கள் பள்ளி அலுவலகத்தில் வேலை பார்க்கும் தங்கை ஒருத்தி வந்து, "அக்கா, நீங்க பண்ணதையே நானும் பண்ணிக்கட்டுமா?" என்று கேட்டாள். வயது 31, பிஎம்ஐ 37, சர்க்கரை இல்லை, இன்னொரு குழந்தை வேண்டும் என்கிறாள். அறுவை செய்தால் குழந்தைக்கு ஒரு வருடம் முதல் ஒன்றரை வருடம்வரை தள்ளிப்போட வேண்டும் என்பதை அவளிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை. ஊசி என்றாலும் கருத்தரிக்கும் முன் நிறுத்த வேண்டும். என் நோட்டை அவளிடம் கொடுத்தேன். என் முடிவு இருக்கும் கடைசிப் பக்கங்களைப் படிக்க வேண்டாம், முதலில் அவள் உடம்பில் என்னென்ன இருக்கிறது என்று எண்டோஸ்கோபியும் ரத்தப் பரிசோதனையும் எடுத்துக்கொண்டு வரட்டும் என்று சொல்லியிருக்கிறேன். சனிக்கிழமை அவளோடு நானும் போகிறேன்.